முத்துப்பேச்சி போட்ட பூட்டு

கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்த தர்மலிங்க அண்ணாச்சி, மதியம் சாப்பிட்டதும் கடைப் பிள்ளைகளின் ஃபேஸ்புக்கைப் புரட்டுவார். சேலைப் பிரிவு முத்துப்பேச்சியின் பக்கம் மட்டும் பூட்டிக் கிடந்தது. எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார்.

"யோக்கியமானவளுக்குப் பூட்டு எதுக்கு? இப்பவே திறந்து காட்டு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"காட்டுறேன் அண்ணாச்சி. நேத்து பேத்தியோட கேக் படம் போட்டிருந்தீங்களே, பிறந்த தேதியோட?"

"ஆமா, ஊரே பாத்துச்சு," என்றார் பெருமையாக.

முத்துப்பேச்சி நேரே கல்லாவுக்குப் பின்னால் இருந்த நம்பர் லாக்கருக்குப் போய், அந்தத் தேதியை அமுக்கினாள். கதவு திறந்துகொண்டது.

அண்ணாச்சி எழுந்துபோய் லாக்கரை மூடினார். பிறகு தன் செல்போனை அவளிடம் நீட்டினார்.

"அந்தப் பூட்டை எங்க போடணும்மா?"