பன்னிரண்டாவது நாற்காலி

பினாங்கில் தாமரை அம்மையார் என்று ஒரு ஞானி இருந்தார். அவருக்கு வயது நாற்பதுதான். சீடர் மாசிலாமணிக்கோ அறுபத்திரண்டு. நெல் நோய் விஞ்ஞானி; ஆங்கிலமும் சீனமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பிரிட்டனும் சீனாவும் சேர்ந்து நெல் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கக் குழு அமைத்தபோது, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு பேர் முடிந்தது. பன்னிரண்டாவது நாற்காலியில்தான் தலை சுற்றியது.

"ஒண்ணும் புரியலம்மா. இந்தத் துறையில யாரையும் தெரியாதவரைப் போடுங்கன்னு பிரிட்டிஷ்காரங்க சொல்றாங்க. அப்படிப்பட்டவரை எப்படி நம்புறதுன்னு சீனக்காரங்க கேக்குறாங்க. ரெண்டும் நியாயமாத்தான் படுது."

"நிதி கேட்டு விண்ணப்பம் போட்டவங்கள்ல உங்க ஆளு யாராவது உண்டா?"

மாசிலாமணி செருமினார். "மக பொன்னி போட்டிருக்கா. மூணு வருஷ உழைப்பு. நான் வெளிய சொல்லல. சொன்னா இந்தப் பொறுப்பைப் பிடுங்கிடுவாங்க. ஆனா அவளுக்காக ஒரு துரும்பையும் அசைக்க மாட்டேன்மா."

மதியப் பந்திக்காக இரண்டு வீடுகளிலிருந்து வந்திருந்த பாயசத் தூக்குகளை அம்மையார் அவர் முன்னால் வைத்தார்.

"எது நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அதையே பரிமாறிடலாம்."

முதல் கரண்டியிலேயே தெரிந்துவிட்டது. சுக்குத் தட்டிப் போட்ட பாயசம், மனைவி மரகதத்தின் கைப்பக்குவம். விடியற்காலையில் எழுந்து கிண்டியது. இரண்டாவதை வாயில் வைத்தார். அடிப்பிடித்த வாடை.

"இது," என்று இரண்டாவதைக் காட்டினார்.

பந்தியில் அதுவே பரிமாறப்பட்டது. வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினார்கள். மரகதம் பரிமாறாத தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள், அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அடிப்பிடிச்சது தெரியலையா ஐயா?" என்று கேட்டார் அம்மையார்.

"தெரிஞ்சுதும்மா. ஆனா இன்னொண்ணு என் வீட்டுப் பாயசம். அதை நல்லதுன்னு சொன்னா, பெண்டாட்டிக்குப் பரிஞ்சு பேசுறேன்னு ஆயிடுமே."

"நான் கேட்டப்பவே அதைச் சொல்லியிருக்கலாமே?"

"எதை?"

"இது எங்க வீட்டுது, வேற யாரையாவது கேளுங்கன்னு."

மாசிலாமணி தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"அப்போ அந்தப் பன்னிரண்டாவது நாற்காலிக்கு யாரம்மா?"

"அதையும் வேற யாராவது சொல்லட்டும், ஐயா."