கிழிந்த காது

ஆடு மேய்க்கும் காத்தாயிக்கு விடிந்ததுமே சந்தேகம் தட்டியது. நேற்றுவரை முழுசாக இருந்த குட்டியின் காது இன்று கிழிந்து கிடந்தது. அதற்குள் மிராசுதார் வைத்திலிங்கம் ஊரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என் ஆடு முள்வேலியில மாட்டிக் காது கிழிஞ்சது. இந்தக் குட்டிக்கும் அதே கிழிசல். அப்போ இது என் ஆடு போட்ட குட்டிதான். அவுத்து விடுடி, திருடி!"

காத்தாயி அவர் கால்களையே உற்றுப் பார்த்தாள். "உங்கப்பாருக்கு வண்டி ஏறி ஒரு கால் போச்சே! உங்களுக்கு ரெண்டும் இருக்கே, நீங்க அவரு பிள்ளைதானா சாமி?"

ஊரே அவர் காலைப் பார்த்தது.

"அடிபட்டுப் போன கால் பிள்ளைக்கு எப்படிடி வரும்?" என்று சீறினார்.

"வராதில்ல? என் ஆட்டு நெத்தியில இருக்கிற வெள்ளைப் பொட்டு குட்டிக்கும் இருக்கு. அது பிறப்புல வந்தது. இந்தக் கிழிசல் யார் கத்தியில வந்துச்சு சாமி?"