சைபர் காட்டிய கீழேரி

முன்னொரு காலத்தில் செங்குன்றை நாட்டை இடும்பவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவர் அரண்மனையில் கம்ப்யூட்டர் இருந்தது. ராஜா காலத்தில் ஏதய்யா கம்ப்யூட்டர் என்கிறீர்களா? ராஜா கதையில் கிளி பேசும்போது வாயை மூடிக்கொண்டு கேட்டீர்கள் அல்லவா, இதையும் அப்படியே கேளுங்கள்.

அந்த நாட்டில் இரண்டு ஏரி. மேலேரித் தண்ணீரைக் கீழேரிக்கு விடும் மதகைக் காத்தவர் சடையாண்டி. கீழேரி மலைக்கு அந்தப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஏரியின் நீர்மட்டத்தையும் சொல்ல அரண்மனைப் பட்டறை சி என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டு வேலை வாங்கும் தொகுப்பு, செய்து கொடுத்திருந்தது. லைப்ரரிக்குள் என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தெரியாது. அதை எப்படிக் கூப்பிடுவது, பதிலை அது எந்த இடத்தில் வைக்கும் என்று சொல்லக் கூடவே ஒரு ஹெடர் கோப்பு வரும். சடையாண்டி அந்த ஹெடரை நம்பித்தான் தன் மதகுக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தார்.

பட்டறையிலிருந்து புது லைப்ரரி வந்தது. சடையாண்டி அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். மேலேரி நாற்பது அடி, கீழேரி சைபர் என்றது திரை. ஐயையோ, பயிரெல்லாம் கருகிப்போகுமே என்று பதறி மதகைத் திறந்துவிட்டார். கீழேரியோ ஏற்கெனவே விளிம்பு முட்ட நிறைந்திருந்தது! கரை வழிந்து ராஜாவின் கோடை மாளிகைக்குள் இடுப்பளவு தண்ணீர்.

இடும்பவர்மனுக்குக் கோபம் மூக்கு நுனியில். "இவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டணும்!" என்று கத்தினார்.

பட்டறைத் தலைவர் வச்சிரபாகு இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி எழுந்தார். அமைச்சர் பெரியநாயகியைக் கேட்காமல் ராஜா எதுவும் செய்வதில்லை என்பதில் அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல். "மன்னா, என் லைப்ரரி பத்தரை மாற்றுத் தங்கம். இந்த ஆளை மதகில் வைக்கச் சொன்ன அமைச்சரைக் கேளுங்கள்!"

சபை நடுவே நின்ற சடையாண்டி தன் புரோகிராமை மனசுக்குள் வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். தப்பு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை.

பெரியநாயகி சிரித்தார். "தங்கம்தான் தலைவரே, யார் இல்லை என்றது? இதே புரோகிராமை நீங்களே எழுதிக் காட்டுங்களேன். பட்டறைக் கம்ப்யூட்டர் வேண்டாம். இதோ, சடையாண்டியின் கம்ப்யூட்டர்."

வச்சிரபாகு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஏழெட்டு வரி எழுதி, கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்றிக் கம்பைல் செய்தார். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. மேலேரி முப்பத்தாறு. கீழேரி சைபர்.

"சைபரா? அப்படியானால் என் கட்டிலுக்கடியில் நீந்துகிற கெண்டை மீன் எங்கிருந்து வந்தது?" என்றார் ராஜா. சபை கொல்லென்று சிரித்தது.

"ஹெடரை வாசியுங்கள் தலைவரே," என்றார் பெரியநாயகி.

"லைப்ரரியைக் கட்டும்போது 'பெரிய அளவு' என்ற ஸ்விட்ச் போட்டிருந்தால், கம்ப்யூட்டர் நினைவில் ஒரு எண்ணுக்கு எட்டுக் கட்டம். போடாவிட்டால் நாலு."

"நீங்கள் போட்டீர்களா?"

"இந்தத் தடவை போட்டோம். பட்டறையின் சொந்த அமைப்புக் கோப்பில் எழுதியிருக்கிறது."

"அந்தக் கோப்பு லைப்ரரியோடு வெளியே போகிறதா?"

"அதெப்படி? அது பட்டறைக்குள்ளே இருப்பது!"

"அப்புறம் மதகில் நிற்கிறவருக்கு யார் சொல்வார்கள்?"

பெரியநாயகி சபையின் கல் பாவிய தரையில் முதல் கட்டத்தில் ஒரு தாமரையை வைத்தார். எட்டுக் கட்டம் எண்ணி, ஒன்பதாவதில் ஒரு மாம்பழம். "மன்னா, லைப்ரரி வைத்தது இப்படி. தாமரை மேலேரி, மாம்பழம் கீழேரி. சடையாண்டிக்குத் தெரிந்தது எண்ணுக்கு நாலு கட்டம்தான். முதல் எண்ணைப் பார்த்தாயிற்று. இரண்டாவது எண்ணுக்கு நாலு தள்ளிப் போய் நில்லுங்கள்."

ராஜா நடந்து ஐந்தாவது கட்டத்தில் நின்றார். குனிந்து பார்த்தார். வெறும் கல். நாலு கட்டம் தள்ளி மாம்பழம் மணந்துகொண்டிருந்தது. "அடேயப்பா!" என்றார். சடையாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வரி பொய் இல்லை, ஒருவரும் திருடவில்லை, ஆனாலும் ஒரு ஏரியே காணாமல் போயிருக்கிறதே!

"இவ்வளவுதானே! பட்டறைக் கோப்பை அப்படியே ஹெடரில் ஒட்டிவிடுகிறேன்," என்று வச்சிரபாகு ஒட்டினார். அவ்வளவுதான், அந்தக் கோப்பில் பட்டறை தன் உபயோகத்துக்கு வைத்திருந்த பெயர்களெல்லாம் சடையாண்டியின் புரோகிராமில் இருந்த அதே பெயர்களோடு மோதி, திரை முழுக்கப் பிழைச்செய்தி கொட்டியது.

"உங்கள் வீட்டுச் சாமானையெல்லாம் அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய்க் கொட்டினால் அவர் எங்கே குடியிருப்பார்?" என்றார் பெரியநாயகி. "அளவு வரும் இடத்தை மட்டும் காலியாக விட்டு ஹெடருக்கு ஒரு மாதிரிப் படிவம் வையுங்கள். எந்த ஸ்விட்ச் போட்டு லைப்ரரியைக் கட்டுகிறோமோ, அதற்கான அளவைக் கட்டுகிற கருவியே அந்த இடத்தில் எழுதட்டும். மனிதர் ஞாபகம் வைக்க வேண்டாம். அந்த அளவுக்கு வைக்கும் பெயருக்கு முன்னால் லைப்ரரியின் பெயரையும் சேர்த்துவிட்டால் யாரோடும் மோதாது."

அப்படியே கட்டினார்கள். ஹெடரில் எட்டு என்று தானாக வந்து உட்கார்ந்தது. சடையாண்டி தன் பழைய புரோகிராமில் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் மறுபடி கம்பைல் செய்து ஓட்டினார். மேலேரி முப்பத்தாறு. கீழேரி ஐம்பத்திரண்டு!

மலைக்கு அந்தப் பக்கத்து ஏரி தன் கண்முன்னே வந்து நின்றதுபோல் சடையாண்டி கைகூப்பினார். கண்ணில் நீர் முட்டியது.

இடும்பவர்மன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பெரியநாயகியிடம் கொடுத்தார். நாடுகடத்தும் ஓலையைத் தன் கையாலேயே கிழித்தார். பிறகு வச்சிரபாகுவைப் பார்த்தார். "பட்டறையில் ஓடுவது பெரிய காரியமில்லை. இனி எந்த லைப்ரரியும் முதலில் மதகுக்குப் போகணும். சடையாண்டி தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அரண்மனை முத்திரை. கொண்டுபோகிறவர் நீர்!"

அன்றிலிருந்து செங்குன்றையில் ஏரி எதுவும் காணாமல் போகவில்லை. அடுத்த லைப்ரரி தயாரானதும் வச்சிரபாகு வெயிலில் நடந்து மதகடிக்கு வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க," என்றார். சடையாண்டி அவருக்கு நிழலில் ஒரு முக்காலியைப் போட்டுவிட்டு, ஹெடரின் முதல் வரியிலிருந்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினார்.