மாடத்தியின் மகன் தங்கப்பழம்

கடலோர ஊர் ஒன்றில், முஸ்லிம்களை அடக்கம் செய்யும் மையவாடியில் கபுறுக்குழி வெட்டி வாழ்ந்தவர் தங்கப்பழம். இஸ்லாத்தில் இணைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. மண்ணை வெட்டும்போதெல்லாம் அவர் உதடுகள் இறைவன் ஒருவனே என்னும் கலிமாவை ஓதிக்கொண்டிருக்கும். பாங்கு கேட்டதும் கைகால் கழுவி, பள்ளிவாசலின் கடைசி வரிசையில் போய் நிற்பார். அப்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி முதல் வரிசையில் பலரிடம் இல்லை.

அவருடைய பெயர்தான் ஊருக்கு வேடிக்கை. "பழம் தொழ வந்துட்டுது, தோலை எங்க போட்டுச்சாம்?" என்று சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

ஒரு புதன்கிழமை ஜமாஅத் தலைவர் நெய்னா மரைக்காயர் அவரை அழைத்தார். "வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் உமக்குப் பேர் வைக்கிறோம். அப்துல் வதூத். ஜமாஅத் ஏட்டுலயும் அதைத்தான் எழுதப்போறேன்."

அன்பே உருவான இறைவனின் அடியான் என்று பொருள்படும் அழகிய பெயர். தங்கப்பழத்துக்கு நெஞ்சு துள்ளியது. அதைச் சொல்லிப் பார்த்தபடியே உப்பளத்துக் குடிசைக்கு ஓடித் தாய் மாடத்தியிடம் சொன்னார். மகன் மார்க்கம் மாறியபோதுகூட ஒரு சொல் கடியாத அந்தத் தாய், இப்போது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துத் தடுமாறினார்.

"நீ யாரைக் கும்பிட்டாலும் எம்புள்ளதாம்ல. ஆனா அந்தப் பேரு எவ்வாயில வரல. இனி ஒன்ன என்ன சொல்லிக் கூப்பிட?"

இறைவன் விரும்புவது எந்தப் பெயரை? அந்தக் கேள்வியோடு மறுநாளும் கபுறு வெட்டினார்.

அடக்கம் முடிந்து, பள்ளிவாசலில் ஓதும் நூகு லெப்பை கபுறின் தலைமாட்டில் அமர்ந்து தல்கீன் ஓதினார். இறந்தவரை அழைத்து ஈமானை, அவரது இறைநம்பிக்கையை, நினைவூட்டும் ஓதல் அது. நூறு முறை கேட்டிருந்தும் அன்றுதான் தங்கப்பழம் கவனித்தார்: இறந்தவர் தாயின் பெயரைச் சொல்லி அழைக்கப்பட்டார்.

"லெப்பை, எனக்கும் இப்படித்தான் ஓதுவீங்களா? எங்கம்மா பேரைச் சொல்லி?"

"பின்ன? பெத்தவளை மாத்த முடியுமா? பொருள் கெட்ட பேரைத்தான் மாத்தணும். உம்ம பேருக்கு என்ன குறை?"

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். பாத்தி வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்து, தூரத்திலிருந்தே கூவினார்: "யம்மா! கடைசியில ஓம்பேரச் சொல்லித்தான் என்னக் கூப்பிடுவாவளாம்!"

மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், சிரித்தார். "தப்பாச் சொல்லிரப் போறாவ. நல்லாச் சொல்லிக் குடுத்திருல."

அன்று மாலையே தங்கப்பழம் தலைவரிடம் சென்று, பெற்றவள் வைத்த பெயரே போதும் என்றார். மரைக்காயர் கொதித்தார். "அப்ப ஏட்டுல உமக்கு இடமில்லை!"

"நீங்க எழுதாட்டாலும் படைச்சவனுக்கு என்னையத் தெரியும், முதலாளி."

வெள்ளிக்கிழமை அதிகாலை சுபுஹு தொழுதுவிட்டு மரைக்காயர் சற்றே கண்ணயர்ந்தார். கனவில் ஒளி நிறைந்த வாசல், எண்ணற்ற மக்கள். "மாடத்தியின் மகன் தங்கப்பழம் எங்கே?" என்று ஒரு குரல் கேட்டது. மரைக்காயர் கையிலிருந்த ஏட்டைப் புரட்டி, "அப்படி ஒருவர் எங்களிடம் இல்லையே" என்றார். "அவர் எம்மிடம் இருக்கிறார். நீர் யார்?" என்றது குரல்.

மரைக்காயருக்குத் தம் பெயர் நினைவுக்கு வரவில்லை.

விழித்தவர் செருப்பும் அணியாமல் மையவாடிக்கு ஓடி, மண் அப்பிய அந்தத் தோள்களைக் கட்டிக்கொண்டார். "மன்னிச்சிரும், தங்கப்பழம்!" அன்று ஜும்ஆவுக்கு அவரைக் கைப்பிடித்து முதல் வரிசைக்கு அழைத்துச் சென்றார்.

தாய் இட்ட பெயரோடு தன்னை நாடி வந்தவரை, அந்தப் பெயராலேயே விரும்பி அழைத்தான் இறைவன். அந்த நல்லடியாருக்கு நம் ஸலாம்.