சந்தனம் வைத்த கடிகாரம்

“எங்க அண்ணன் என்னை ஏமாத்திட்டான் சாமி.”

வெயிலுமுத்து வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார்.

அவருக்குத் தென்காசியில் பாத்திரக்கடை. தலை பாதிக்கு மேல் நரைத்தவர். மலையடிவாரக் குடிலில் இருந்த கோமதி சாமி அவரைவிட இளையவள். இருந்தாலும் அவளைத்தான் குரு என்று நம்பி வந்துகொண்டிருந்தார். அவளோ அவரை அண்ணாச்சி என்றே கூப்பிடுவாள்.

சாமி கிணற்றடியில் நின்றாள். கையில் கயிறு.

“எந்த அண்ணன்? குவைத்துல ரொட்டி சுடுதாவளே, அவியளா?”

“அவன்தான். இன்னைக்குச் சாயங்கால ரயிலுக்கு வாறான். ஒரேயடியா ஊரோட வாறான். நான் ஸ்டேஷனுக்குப் போகப்போறதில்ல.”

“போன வாரம் ‘அண்ணன் வாறாவ’ன்னு துள்ளிக்கிட்டு நின்னீய.”

வெயிலுமுத்து மடியிலிருந்த துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சின்மேல் ஒரு கைக்கடிகாரம், கண்ணாடியில் காய்ந்த சந்தனப் பொட்டோடு.

“உங்க கையில கெடக்கதும் இதே மாதிரில்லா இருக்கு?”

“பொட்டியில இருக்கது அவன் குடுத்தது. சுவிட்சர்லாந்து அசல்னான். எட்டு வருசமா பீரோவுல வச்சிருக்கேன். ஆயுதபூசைக்கு எடுப்பேன், துணியால தொட்டுத் தொடச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, திரும்பப் பூட்டிருவேன்.”

“கையில கெடக்கது?”

“மெட்ராஸ் பிளாட்பாரத்துல வாங்குன டூப்ளிகேட். அசலைக் கட்டினா கீறல் விழுந்துரும்லா? பாக்கிறவனுக்கு வித்தியாசமா தெரியப்போவுது?”

“பொறவு என்ன கொறை?”

“பூசையப்ப முள்ளை உத்துப் பாத்ததில்ல. அவன் வாறானேன்னு நேத்து பொட்டியைத் தொறந்து பாத்தேன். ஓடல சாமி. செத்துக் கெடக்கு. பிளாட்பாரத்துச் சாமான் ஒருநாள் நின்னதில்ல. அப்ப எது டூப்ளிகேட்?”

“கடையில காட்டியிருக்கலாம்லா?”

“நாலு பேரு மத்தியில கடைக்காரன் ‘இது போலி’ன்னு சொல்லிட்டா? அண்ணன் மானம்லா போவும்!”

சாமி கயிற்றைக் கீழே வைத்தாள்.

“ரெண்டையும் தூக்கிப் பாருங்க. எது கனம்?”

“அண்ணன் குடுத்தது.”

“முகப்புல உள்ள எழுத்து?”

“இதுலதான் சுத்தம். அந்தப் பிளாட்பாரத்துச் சாமான்ல மசி லேசா வழிஞ்சிருக்கும். உத்துப் பாத்தாத் தெரியும்.”

“எல்லாம் தெரியுது. இருந்தும் இதைப் போலிங்கீய.”

“ஓடலையே சாமி!”

அவள் பெட்டியிலிருந்த கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள். கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

“ஐயையோ! தண்ணி பட்டிரும் சாமி!”

“போலிக்குத் தண்ணி பட்டா என்ன அண்ணாச்சி?”

வெயிலுமுத்து துண்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனார்.

சாமி தண்ணீர் இறைத்தாள். எலுமிச்சைக்கு ஊற்றினாள். மறுபடி இறைத்தாள். வாளி கிணற்றுச் சுவரில் இடித்த போதெல்லாம் அவர் உடம்பு கூசியது.

கடைசி மரத்துக்கும் ஊற்றிவிட்டு வந்து கையை நீட்டினாள்.

சந்தனம் கரைந்து முழங்கைவரை வழிந்திருந்தது. கண்ணாடிக்குள் விநாடி முள் போய்க்கொண்டிருந்தது. டூப்ளிகேட்டில் அது குதித்துக் குதித்துப் போகும். இதில் குதிக்கவில்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல் போனது.

“என்ன செஞ்சீய சாமி?”

“கட்டினேன், தண்ணி எறச்சேன். எங்க அப்பா கையிலயும் இப்படி ஒண்ணு கெடந்துச்சு. இதுக்குப் பேட்டரி கெடையாது. கட்டுன கை அசைஞ்சாத்தான் ஓடும்.”

வெயிலுமுத்து துவைகல்லில் உட்கார்ந்தார்.

“குடுக்கும்போது அண்ணன் என்ன சொன்னாவ?”

அவர் காலிப் பெட்டியை மூடினார்.

“‘கையிலயே கெடக்கட்டும்டே, கழத்தாத’ன்னாவ.”

துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“அவிய கையில கடிகாரமே கெடையாது சாமி. அடுப்புச் சூட்டுக்கு ஆகாதும்பாவ. மணிக்கட்டு பூராவும் தீத்தழும்பு.”

சாமி கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாள். அவர் தன் கையிலிருந்ததை வெடுக்கென்று உருவி, கிணற்றில் வீச ஓங்கினார்.

“அது என்ன பாவஞ் செஞ்சுது? இத்தனை வருசம் உங்களுக்கு மணி சொன்னதுல்லா?”

ஓங்கிய கை இறங்கியது. அதைக் கண்ணில் ஒற்றி அவளிடம் கொடுத்தார். அவள் அதைக் கிணற்றுத் தூணில் இருந்த ஆணியில் மாட்டினாள்.

வெயிலுமுத்து ஈரத்தோடேயே அண்ணன் கொடுத்ததைக் கட்டினார். வேகமாக நடந்தார். வேலிப் படலைத் தாண்டியவர் திரும்பி ஓடி வந்தார்.

“சாமி, ஓடுது. ஆனா மணி தப்பால்லா காட்டுது?”

சாமி வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“அண்ணன் வாறாவல்லா? கையை நீட்டுங்க. அவிய திருத்தி வைப்பாவ.”