ஆள்காட்டி கத்தாத நாள்

ஒரு காட்டில், கோடை வந்தால் வெறும் மணலாகிவிடும் ஆறு ஒன்று இருந்தது. அந்த வருடம் மாசியிலேயே அது வற்றிவிட்டது. சித்திரையில் யானைகள் மலைக்கு அப்பால் இருக்கும் பெரிய ஆற்றுக்குப் போய்விட்டன. மான்களும் பன்றிகளும் அவற்றின் பின்னாலேயே போய்விட்டன. நடக்க முடியாதவர்களும், பிள்ளைகளை விட்டுப் போக முடியாதவர்களும்தான் மிச்சம்.

அப்படி மிஞ்சியவர்களில் ஓர் ஆள்காட்டிக் குருவியும் இருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. ஆற்று மணலில், காய்ந்த நாணல் புதர் ஓரமாக, கூழாங்கற்களுக்கு நடுவே நான்கு முட்டைகள் இட்டிருந்தது. எது கல், எது முட்டை என்று அதற்கு மட்டும்தான் தெரியும்.

வெயில் ஏறினால் அந்த மணலில் முட்டைகள் வெந்துவிடும். ஆகவே ஆள்காட்டி ஓடிப் போய்த் தண்ணீரில் நெஞ்சு இறகுகளை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காரும். இறகு காய்ந்ததும் மறுபடியும் ஓடும். பகல் முழுவதும் அதுதான் அதற்கு வேலை.

வற்றிய ஆற்றில் தண்ணீர் ஏது என்கிறீர்களா? ஒரு தாய்க்கரடி தோண்டிய தண்ணீர் அது. காலையிலும் மாலையிலும் குட்டியை முதுகில் சுமந்துகொண்டு கரடி வரும். நீண்ட நகங்களால் மணலைப் பறித்துப் பறித்து, தோள்வரை பள்ளத்துக்குள் இறங்கி, ஊற்று கசியும்வரை விடாது. கொஞ்ச நேரத்தில் மணல் சரியத் தொடங்கும். இரவுக்குள் பள்ளம் மூடிவிடும். விடிந்ததும் கரடி மறுபடியும் தோண்டும்.

கரடிக்குப் பார்வை மங்கல். தலை பள்ளத்துக்குள் போய்விட்டால் காலடிச் சத்தமும் கேட்காது; ஆள்காட்டியின் கத்தல் மட்டும்தான் எட்டும்.

"தங்கச்சி, பார்த்துக்கொள்கிறாயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அது தினமும் குனியும்.

"நீங்கள் தோண்டுங்கள், அக்கா. ஓர் ஓணான் தலையாட்டினாலும் காட்டையே கூட்டிவிடுவேன்" என்று ஆள்காட்டி சொல்லும்.

"நேற்று என் நிழலைப் பார்த்தே கூட்டினீர்களே, சித்தி!" என்று முதுகிலிருந்து கரடிக்குட்டி சிரிக்கும். பிறகு, "அம்மா, நானும் தோண்டுகிறேனே" என்று கெஞ்சும்.

"உன் நகம் இன்னும் பிஞ்சு. முற்றட்டும், சொல்லித் தருகிறேன். இப்போதைக்கு மரம் ஏறப் பழகு" என்று தாய் சொல்லும்.

ஒரு நாள் பிற்பகல். ஆள்காட்டி இறகை நனைத்துக்கொண்டு திரும்பியபோது, முட்டைகளுக்கு அருகில் ஒரு புலிக்குட்டி உட்கார்ந்திருந்தது. அதன் ஒரு பாதத்தில் முள்ளம்பன்றியின் முள் தைத்துச் சீழ் பிடித்திருந்தது. இன்னொரு பாதத்தை முட்டைகளுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தது.

ஆள்காட்டி கத்த வாயைத் திறந்தது.

"கத்தாதே" என்றது நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு குரல். தாய்ப்புலி அங்கே படுத்திருந்தது. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். "காலையிலிருந்து நீ ஓடுவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீயே முட்டைகளுக்கு வழி காட்டிவிட்டாய்."

"இவை உங்களுக்கு ஒரு வாய்க்குக் காணாதே" என்று கெஞ்சியது ஆள்காட்டி.

"உன் முட்டை யாருக்கு வேண்டும்? எனக்குக் கரடி வேண்டும். என் மகனால் மலை தாண்ட முடியாது. மானெல்லாம் போய்விட்டது. அவன் சாப்பிட்டு மூன்று நாளாகிறது."

"கரடி அக்கா எழுந்து நின்றால் நீங்களே கிட்டப் போக மாட்டீர்களே."

"அதனால்தான் உன்னிடம் வந்தேன். அவள் தலை பள்ளத்துக்குள் போகட்டும். அதுவரை அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது. அதன்பிறகு நீ கத்தக்கூடாது. கத்தினால் என் மகன் காலைக் கீழே வைப்பான்."

"இப்பவே வைக்கட்டுமா, அம்மா?" என்றது புலிக்குட்டி.

"பொறுடா. பொறுக்காதவனுக்கு வேட்டையில் அரை வயிறுதான் நிறையும்" என்று சொல்லிவிட்டுத் தாய்ப்புலி வயிறு மணலில் உரச நகர்ந்து, பள்ளத்துக்கு அருகில் இருந்த பாறைக்குப் பின்னால் மறைந்தது.

புலிக்குட்டி புதர் நிழலுக்குள் பம்மியது. தூக்கிய பாதத்தை மட்டும் இறக்கவில்லை.

"இதற்குள்ளே குஞ்சு இருக்கிறதா?" என்று அது மெல்லக் கேட்டது.

"இருக்கிறது."

"அதற்கும் பசிக்குமா?"



வெயில் சாய்ந்தது. காற்று கரடியின் பக்கமிருந்து புலியின் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அதனால் கரடியின் மூக்குக்கு ஒன்றும் எட்டவில்லை. குட்டியை முதுகில் சுமந்தபடி அது ஆடி ஆடி மணலில் இறங்கி வந்தது.

"என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்? தொண்டை வறண்டுவிட்டதா? இரு, இதோ தண்ணீர் எடுக்கிறேன்" என்றது கரடி.

ஆள்காட்டி முட்டைகளைப் பார்த்தது. அவற்றின் மேல் நின்ற பாதத்தைப் பார்த்தது. 'அக்கா பலசாலி. எப்படியும் தப்பித்துவிடுவாள். என் பிள்ளைகளால் ஓடக்கூட முடியாது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

"தங்கச்சி, பார்த்துக்கொள்கிறாயா?"

"பார்த்துக்கொள்கிறேன், அக்கா" என்றது ஆள்காட்டி.

கரடி குனிந்தது. முதலில் தலை மறைந்தது. பிறகு தோள் மறைந்தது. ஈர மணல் பின்பக்கம் தெறித்தது. பாறைக்குப் பின்னாலிருந்து தாய்ப்புலி எழுந்தது. ஆள்காட்டிக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு சருகு அசைந்தால் கத்துகிற அந்தத் தொண்டையிலிருந்து அப்போது ஒரு சத்தமும் வரவில்லை.

புலி பாய்ந்தது.

கழுத்தில் பல் இறங்கிய பிறகுதான் கரடிக்குத் தெரிந்தது. அந்த நிலையிலும் அது உடம்பை உதறி, குட்டியைக் கரைப்பக்கம் தூக்கி எறிந்தது. "ஏறு!" என்று ஒரே ஒரு சொல் உறுமியது. குட்டி விழுந்தடித்து ஓடிக் கரையிலிருந்த மருத மரத்தில் உச்சிவரை ஏறிக்கொண்டது. கீழே கரடி எழுந்து நிற்கப் பார்த்தது. அதனால் முடியவில்லை.

புலிக்குட்டி பாதத்தை எடுத்துக்கொண்டு தாயிடம் நொண்டி ஓடியது. ஒரு முட்டையில்கூடக் கீறல் இல்லை.

"சொன்ன சொல் காத்தேன் பார்" என்றது தாய்ப்புலி, வாயைத் துடைக்காமலே.

அன்று இரவு தாயும் பிள்ளையும் வயிறாரத் தின்றன. மணல் எப்போதும்போலச் சரிந்து பள்ளத்தை மூடியது.

விடிந்ததும் தாய்ப்புலி தண்ணீர் குடிக்க வந்தது. அங்கே மணல்தான் இருந்தது. அது முன்னங்கால்களால் பிறாண்டியது. பிறாண்டப் பிறாண்ட மணல் உள்ளே சரிந்தது. பாயவும் கிழிக்கவும் உதவிய நகங்கள் தோண்டுவதற்கு உதவவில்லை.

"இங்கே இருந்த ஊற்று எங்கேடி?" என்று அது சீறியது.

"நேற்று நீங்கள் தின்றது அதைத்தான்" என்றது ஆள்காட்டி.

தாய்ப்புலி குட்டியை எழுப்பி, மலையை நோக்கி நடக்கத் தொடங்கியது. குட்டி மூன்று கால்களால் பின்னால் போனது. கரை ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டது. அவை பெரிய ஆற்றைப் பார்த்தனவா என்பது அந்தக் காட்டில் யாருக்கும் தெரியாது.

வெயில் ஏறியது. ஆள்காட்டி முட்டைகளின் மேல் சிறகை விரித்து நின்று பார்த்தது. நிழலும் சுட்டது. நனைக்கத் தண்ணீர் இல்லை. அது மருத மரத்தடிக்கு ஓடியது.

"கண்ணே, இறங்கி வா. கொஞ்சம் தோண்டேன். உனக்கும் தாகமாக இருக்குமே!"

உச்சிக்கிளையிலிருந்து கரடிக்குட்டி சொன்னது: "எனக்கு மரம் ஏறத்தான் தெரியும், சித்தி. தோண்டுவதை அம்மா இன்னும் சொல்லித் தரவில்லை."

"நான் தினமும் பார்த்திருக்கிறேன், நான் சொல்லித் தருகிறேன். நீ பயப்படாமல் தலையைக் குனிந்து தோண்டு. நான் காவல் இருக்கிறேன்."

கரடிக்குட்டி கீழே பள்ளம் இருந்த இடத்தைப் பார்த்தது.

"அம்மாவுக்கும் நீங்கள்தானே காவல் இருந்தீர்கள், சித்தி?" என்று கேட்டது.

ஆள்காட்டி திரும்பி வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. உச்சிவேளை கடந்தது. மாலையில் அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டி, காதை வைத்துக் கேட்டது. முந்தின நாள்வரை உள்ளே சின்னதாக ஒரு தட்டல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது நான்கும் கூழாங்கல் மாதிரிக் கிடந்தன.

இருட்டியதும் கரடிக்குட்டி மரத்திலிருந்து இறங்கி, ஆற்றைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

அப்போதுதான் ஆள்காட்டி கத்தியது. காடே அதிரக் கத்தியது. கேட்பதற்கு அங்கே ஒருவரும் இல்லை.

நீதி: துணை நின்றவருக்குத் தீங்கு வரும்போது வாய் மூடியிருப்பவர், தம் ஊற்றைத் தாமே மூடிக்கொள்கிறார்.