சனிக்கிழமை ஏறாத ஆறு

"சாமி, என் நாற்காலியில ஒரு பெட்டியை உட்கார வெச்சிருக்காங்க" என்றார் பொன்னுரங்கம்.

ஆற்றங்கரை மடத்து அடிகள் திரி திரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். இருபத்தோரு விளக்கு ஏற்ற வேண்டும்.

"எந்த நாற்காலி?"

"அணையில இருக்கிற என் பிரம்பு நாற்காலி. முப்பத்தோரு வருஷம் லஸ்கரா இருந்து, தினம் தண்ணி மட்டம் பார்த்து நோட்டுல எழுதி, ஷட்டரை ஏத்தி இறக்கி, நான் உட்கார்ந்த நாற்காலி."

"நீ ஓய்வு வாங்கி ஆறு வருஷம் ஆச்சே."

"அதுக்காக? காலியா வெச்சிருக்கக் கூடாதா?"

அடிகள் சிரிக்கவில்லை. நான்கு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே நாற்காலி, இதே கேள்வி, இதே பதில்தான்.

"அந்தப் பெட்டி என்னதான் செய்யுது?"

"கம்ப்யூட்டர் சாமி. மலையில எவ்வளவு மழைன்னு சொன்னா, உள்ளேயே ஒரு பொய் ஆத்தை ஓடவிட்டுப் பார்க்குமாம். அந்தப் பொய் அணை எப்ப ரொம்புமோ, அதுக்கு முன்னாடி இவங்க நிஜ ஷட்டரைத் திறப்பாங்களாம்."

"நல்லதுதானே. நனையாம ஆறு பார்க்கலாம்."

பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார். ஆனால் இன்று அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் வழுக்கி விழப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொண்டவனின் வெளிச்சம்.

"இன்னிக்கு மாட்டிக்கிச்சு சாமி. மலையில ரெண்டு நாளா ஊத்துது. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வெள்ளம் வந்து சேர்ந்திடும். இப்பவே ரெண்டு ஷட்டரைத் திறந்துவிட்டா தண்ணி நிதானமா போயிடும். விட்டுட்டா, நாளைக்கு எட்டையும் ஒரேயடியா திறக்கணும். கீழத்தெருவுல அறுபது வீடும் போயிடும்."

"பெட்டி என்ன சொல்லுது?"

"சனிக்கிழமை ஆறு ஒரு அங்குலம்கூட ஏறாதாம்! ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். திரையில கோடு படுத்துக் கிடக்கு. ஞாயித்துக்கிழமைதான் துள்ளி எந்திரிக்குது."

"இன்ஜினியர் பொண்ணு?"

"அந்த வான்மதியா? 'எனக்கும் புரியலை ஐயா, ஆனா முப்பத்தோரு வருஷக் கணக்கும் அப்படித்தான் சொல்லுது'ன்னு தலையைச் சொறியுது."

"நீ எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எதுக்குச் சொல்லணும்? நாற்காலியைக் கேட்டதுக்கு, 'வேற ஒண்ணு போடச் சொல்றேன்'னு சொன்ன பொண்ணு அது. வேற ஒண்ணு! முங்கட்டும். அப்புறம் பெட்டியைத் தூக்கிக் கடாசிட்டு என்னைத் தேடி வருவாங்க. நாற்காலியோட."

"உன் வீடும் கீழத்தெருவுலதானே?"

"கட்டில், ஆடு எல்லாம் மத்தியானமே மச்சான் வீட்டுக்கு ஏத்திட்டேன்."

அடிகளின் கை நின்றது.

"அடுத்த வீட்டு ஆடு?"

பொன்னுரங்கம் தம் கால் விரல்களைப் பார்த்தார். மொத்தம் பத்தும் இருந்தன.

அடிகள் மறுபடி திரியைத் திரித்தார்.

"பொன்னுரங்கம், அந்தப் பெட்டிக்கு யார் குரு?"

"பெட்டிக்கு ஏது சாமி குரு?"

"அது இந்த ஆத்துல கால் நனைச்சதில்லை. யாரோ சொல்லிக் கொடுத்துத்தானே ஆத்தைப் பத்திப் பேசுது?"

"பழைய நோட்டெல்லாம் எடுத்து அதுக்குள்ள ஏத்தினாங்க."

"யார் எழுதின நோட்டு?"

பொன்னுரங்கத்தின் மார்பு இரண்டு அங்குலம் ஏறியது.

"நான்தான்! முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள் விட்டதில்லை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. தவறாத அளவுன்னு கலெக்டர் கையால சான்றிதழ் வாங்கினேன். சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அதையும் மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

அடிகள் எழுந்தார். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெய்த் தூக்கை எடுத்தார். பொன்னுரங்கத்தின் உச்சியில் முழுவதையும் கவிழ்த்தார். சத்தம் வரத் தட்டித் தட்டித் தேய்த்தார்.

"ஐயோ சாமி! இன்னிக்கு வெள்ளிக்கிழமை! எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறது சனிக்கிழமைதானே!"

"குளிச்சிட்டு?"

"மிளகு ரசம் சாப்பிட்டுப் படுத்துடணும். ஈரத்துல கால் வைக்கக் கூடாது. குளிர் ஏறிடும்."

"தண்ணி மட்டம் பார்க்கிற அளவுக் கல் எங்கே இருக்கு?"

"அணைக்கு உள்பக்கம் சாமி. நூத்திப் பன்னிரண்டு படி இறங்கணும். எல்லாம் பாசி. காலை வெச்சா..."

நிறுத்திவிட்டார்.

எண்ணெய் மூக்கு நுனிக்கு வந்து தொங்கியது.

"ஷட்டரை மட்டும் நேரத்துக்குத் திறந்துடுவேன் சாமி" என்றார் மெதுவாக. "படுத்தபடியே தண்ணிச் சத்தம் கேட்டாத் தெரிஞ்சிடும். நோட்டுலதான்... வெள்ளிக்கிழமை எழுதினதையே..."

"ஞாயித்துக்கிழமை?"

"ரெண்டு நாளுக்கும் சேர்த்து ஏத்தி எழுதிடுவேன்."

அடிகள் உட்கார்ந்தார்.

"நல்ல சீடன் கிடைச்சிருக்கான் உனக்கு. நீ சொன்னதுல ஒரு எழுத்துத் தப்பாம பிடிச்சுக்கிட்டிருக்கான்."

"சான்றிதழ் போயிடுமே சாமி."

அடிகள் தூக்கைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினார். ஒரு சொட்டு விழுந்தது.

"எண்ணெய் தீர்ந்துபோச்சு. இன்னிக்கு இங்கே விளக்கு கிடையாது" என்று சொல்லி, திரிகளை எடுத்து உள்ளே வைத்தார்.

பொன்னுரங்கம் ஓடினார். தலையிலிருந்து சட்டை வரை எண்ணெய் ஒழுக, கீழத்தெரு வழியாகத்தான் ஓடினார். "வெள்ளிக்கிழமையில என்ன கோலம் இது?" என்று அடுத்த வீட்டுக்காரி கத்தினாள். "ஆட்டை மேட்டுக்கு ஓட்டு!" என்று திரும்பிப் பார்க்காமல் கத்தினார்.

அணை அலுவலகத்தில் வான்மதி திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து நின்றிருந்தாள். பிரம்பு நாற்காலியில் பெட்டி சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு ஆறு ஏறும்மா" என்றார்.

"கோடு படுத்திருக்கே ஐயா."

"படுத்திருந்தது ஆறு இல்லைம்மா. நான்."

வான்மதி அவரைப் பார்த்தாள். எண்ணெய் வழியும் தலையைப் பார்த்தாள். சுவரில் தொங்கிய நாள்காட்டியில் நாளைய சனிக்கிழமையைப் பார்த்தாள். உடனே போனை எடுத்தாள். சங்கு ஊதியது. இரண்டு ஷட்டர்கள் முனகிக்கொண்டு எழுந்தன. தண்ணீர் நிதானமாகப் போகத் தொடங்கியது.

போனை வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து, முப்பத்தோரு வருஷ நோட்டுகளையும் மேஜையில் அடுக்கினாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க ஐயா. எந்தச் சனிக்கிழமை?"

பொன்னுரங்கம் நாற்காலியில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதுவும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

"எல்லாச் சனிக்கிழமையும்" என்றார்.